யானையும் ஊசியும்: ஒரு வதந்தி பிறக்கும் விதம்

கடையத்தின் மருமகனான மகாகவி பாரதியார் எவ்வாறு இறந்தார் என்று நம் ஊரில் கேட்டால், "யானை அடித்து" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். 1921-இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தாக்கியது உண்மைதான். ஆனால் அக்காயத்திலிருந்து அவர் தேறினார். மீண்டும் பணிக்குச் சென்றார். ஈரோடு கருங்கல்பாளையம் வரை பயணம் செய்து சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பின்னரே, அவ்வாண்டு செப்டம்பரில், வயிற்றுக்கடுப்பு நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

நூறு ஆண்டுகள் கடந்தும் யானைக் கதையே நிலைத்திருப்பதற்கு எவருடைய சூழ்ச்சியும் காரணமன்று. ஒன்றன்பின் ஒன்றாக இரு நிகழ்வுகள் நடந்தால், முதலாவதே இரண்டாவதற்குக் காரணம் என்று கொள்வது மனத்தின் இயல்பு. மேலும், பெரிய மனிதரின் மரணத்துக்குப் பெரிய காரணத்தையே மனம் தேடுகிறது. வயிற்றுக்கடுப்பு அதற்குப் போதுவதில்லை.

ஏப்ரல் 2021

இதே இயல்பு கைப்பேசியுடன் சேர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். சங்கரன்கோவில் வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நடிகர் விவேக், 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டார். அச்சமின்றி ஊசி போட்டுக்கொள்ளுமாறு மக்களையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17-ஆம் நாள் அதிகாலை காலமானார். வயது 59.

இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய்களுள் ஒன்று அவருக்கு முழுமையாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் தெரிவித்தனர். குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிவது ஓரிரு நாளில் நிகழ்வதன்று. பல ஆண்டுகள் ஓசையின்றி நடப்பது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறையும்போது குழாய் அடைபடுகிறது. தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு இம்மரணத்தை ஆய்ந்து, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என அறிவித்தது. அந்த முடிவு வெளியானது அக்டோபர் மாதத்தில். வதந்தியோ அன்று மாலைக்குள் எல்லா வீடுகளையும் எட்டியிருந்தது.

ஓ, ஆம், தான்

வதந்தி வளரும் படிகளை நம் மொழியே காட்டுகிறது. முதலில் ஒருவர், "ஊசியால் இருக்குமோ?" என்று ஐயுறுகிறார். அது நியாயமான வினா. அடுத்தவர் கேட்டதைச் சொல்கிறார்: "ஊசியாலாம்." மூன்றாமவர் முடிவு கட்டுகிறார்: "ஊசியால்தான்." கைமாறும் ஒவ்வொரு முறையும் ஐயம் உதிர்ந்து, உறுதி மட்டும் எஞ்சுகிறது. அனுப்புபவர் அத்தையாகவோ பள்ளித் தோழராகவோ இருப்பதால், அவர்மீது உள்ள நம்பிக்கை செய்தியின்மீதும் படிகிறது.

நான்காம் படி அபாயமானது. மறுப்பு வெளியானவுடன், "அவர்கள் மறைக்கிறார்கள்" என்கிறோம். இங்கேதான் வதந்தி சதிக் கதையாக மாறுகிறது. இனி எந்தச் சான்றைக் காட்டினாலும் அது சதிக்குரிய மற்றொரு சான்றாகிவிடும்.

தடுப்பூசிக்குப் பின்விளைவே இல்லை என நான் கூறவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்த உறைவு ஏற்படுவதை மருத்துவ உலகம் கண்டறிந்து வெளியிட்டது. ஊசி போட்டவர், போடாதவர் ஆகிய இரு சாராரையும் ஒப்பிட்டே இத்தகைய தொடர்புகள் உறுதி செய்யப்படுகின்றன. ஊசி இல்லாத காலத்திலும் நாள்தோறும் பலருக்கு மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ஊசி போட்டால், அவர்களுள் சிலருக்கு மறுநாள் அது தற்செயலாகவும் நேரும்.

நான் செய்த தவறு

அந்த ஏப்ரலில், நீரிழிவுக்காக என்னிடம் வரும் மூதாட்டி ஒருவர் பேரனின் கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டி, "இது மெய்யா?" என்று கேட்டார். வெளியே நீண்ட வரிசை. நான் சிரித்து, "இதையெல்லாம் நம்பாதீர்கள் அம்மா" என்று கூறி அடுத்தவரை அழைத்துவிட்டேன். அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் மூச்சுத் திணறலுடன் வந்து, ஒன்பது நாள்கள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தார். வீடு திரும்பும் நாளில் சொன்னார்: "அன்னைக்கு நீங்க சிரிக்காம சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்லா, ஐயா."

அவர் கேட்டது "ஓ" என்னும் படியில் நின்ற கேள்வி. அதற்கு அமர்ந்து விடை கூறியிருக்க வேண்டியவன் நான்.

ஆகவே அன்பர்களே, உடல்நலம் பற்றிய செய்தி வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். எழுதியவர் யார், நாள் எது, எந்த மருத்துவமனை என்று பாருங்கள். செய்தியை நம்பி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால், காரணத்தை விவாதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஐயம் இருப்பின், அந்தக் கைப்பேசியையே எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். இம்முறை நான் சிரிக்க மாட்டேன்.