கொட்டகலை பஜாரும் கொப்பிக் கணக்கும்

மாதத்தில் இரண்டு தடவைதான் கொட்டகலை பஜாரில் தோளோடு தோள் உரச நடக்க வேண்டியிருக்கும். தோட்டங்களில் சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டி ஒரு தடவை, அட்வான்ஸ் கிடைக்கும் 25ஆம் திகதியளவில் மறு தடவை. மற்ற நாட்களில் கடைக்கு ஆள் வராமல் இல்லை. வருவார்கள், சாமான் வாங்குவார்கள், "முதலாளி, கொப்பியில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் வாப்பாவின் கடையில் நான் முதன்முதல் படித்த கணக்கு இந்தக் கொப்பிக் கணக்குத்தான்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் கொட்டகலையைத் தாண்டிப் போகாதவர்கள் நம்மில் குறைவு. புகையிரத நிலையம் இருக்கிறது, எண்ணெய்க் களஞ்சியசாலை இருக்கிறது, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. 2018 முதல் தனிப் பிரதேச சபையும் இருக்கிறது. இத்தனை இருந்தும் கடைத்தெருவின் மூச்சு சுற்றியுள்ள ட்ரேட்டன், ரொசிட்டா, ஸ்டோனிகிளிப் போன்ற தோட்டங்களின் கொழுந்தில்தான் ஓடுகிறது. மழை அதிகமாகிக் கொழுந்து குறைந்தால், அரைப் பேர் விழுந்தால், அடுத்த மாதம் 10ஆம் திகதி அது நமது கல்லாவில் தெரியும்.

அந்தக் காலத்தில் அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். பெரிய கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னும் கடன் ஒழியவில்லை, கை மாறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் லயத்து அடுப்புக்கு மாவும் பருப்பும் கருவாடும் தட்டாமல் போய்க்கொண்டிருந்ததில் பஜார் கடைக்காரனுக்கு ஒரு பங்கு உண்டு. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லோரும் கலந்துதான் இங்கே கடை வைத்திருக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவாக அரசு 200 ரூபா சேர்த்து மொத்தம் 1750 ஆக்கும் முன்மொழிவு வந்தது. 1350இலிருந்து 1750 என்றால் நாளுக்கு 400 ரூபா கூடுதல். ஒருவர் மாதம் 20 நாள் வேலை செய்தால் 8000 ரூபா. ஒரு கடைத்தெருவை நம்பி 1000 தொழிலாளர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் 80 இலட்சம். சம்பளப் பேச்சு நடக்கும்போது அது தொழிற்சங்கத்துக்கும் கம்பனிக்கும் இடையிலான விவகாரம் என்று நம்மவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்த 80 இலட்சத்தைப் பார்த்தால் மடிக்க மனம் வராது.

ஆனால் அந்தப் பணம் கொட்டகலையில் எத்தனை நாள் தங்குகிறது? இதைத்தான் நாம் யோசிப்பதில்லை. ஒரு மூடை சீனியை விற்றால் நமக்கு மிஞ்சுவது சின்ன இலாபம். பெரும்பகுதி அடுத்த நாளே புறக்கோட்டைக்கு, நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போய்விடும். அதே நேரம் ஒரு மூடை கோதுமை மா உள்ளூர் பேக்கரியில் பாணாகவும் பனிஸாகவும் ஆனால், சுடுபவன் கூலியும் முச்சக்கர வண்டியில் கொண்டு போய் விற்பவன் கூலியும் இங்கேயே நிற்கும். தையல்கடை, வண்டி திருத்தும் இடம், லீக்ஸும் கரட்டும் வாங்கி விற்பவர், கோழி முட்டை வியாபாரி எல்லோரும் இப்படித்தான். கடை பார்க்கச் சிறியது. அதன் வழியாகப் பணம் இன்னொரு கைக்கு மாறிய பிறகே ஊரை விட்டு வெளியேறுகிறது. நாட்டின் பொருளாதாரத் தொகைமதிப்பு 2013/14இல் எடுக்கப்பட்டபோது விவசாயம் சாராத நிறுவனங்கள் பத்து இலட்சத்துக்கு மேல் இருந்தன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஓரிருவர் முதல் நாலு பேர் வரை வேலை செய்யும் நுண் தொழில்கள். நம் கடைகளும் அந்தக் கணக்கில்தான் அடங்கும்.

கொப்பிக்கு வருவோம். தோட்டத் தொழிலாளிக்கு வங்கி ஏன் கடன் கொடுப்பதில்லை? வங்கி உறுதி கேட்கும். இன்றும் பெரும்பாலானோர் இருக்கும் லயத்து அறைக்கு உறுதி இல்லை. சேமலாப நிதி இருக்கிறது, அது வயது போன பிறகு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஒரு பால்மா பெட்டியைத் தர இருப்பது கொப்பி மட்டும்தான். வட்டி கிடையாது, பிணை கிடையாது. முகம் தெரியும், தோட்டம் தெரியும், எத்தனை பேர் விழுந்தது என்பதும் தெரியும். வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்கும் கடன் கம்பனிகளால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்தச் சங்கிலி அறுந்த காலமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கியது, கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் நூற்றுக்கு 7 புள்ளிகள் உயர்த்தியது. புறக்கோட்டை மொத்த வியாபாரி திகதியிட்ட காசோலையை வாங்க மறுத்து, காசு வைத்தால் லொறி ஏற்றலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஒருவர் அப்படித்தான் சொன்னார். செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94ஐத் தாண்டியது. ரொட்டி தின்று மலையேறும் சனத்துக்கு மாவின் விலை ஏறியது எப்படியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. வாப்பாவின் கொப்பியில் அந்த ஆண்டு பக்கங்கள் நிறைந்தன, கல்லா நிறையவில்லை. கொப்பியை மூடிய கடைகள் உண்டு, கடையையே மூடியவர்களும் உண்டு. அளவைக் குறைத்து, ஐந்து கிலோ கேட்டவருக்கு இரண்டு கிலோ எழுதிய கடைகள்தான் பெரும்பாலும் தப்பின.

இப்போது வேறொரு சிக்கல். கையில் காசு இருக்கும் 10ஆம் திகதி குடும்பத்தோடு ஹட்டன் சூப்பர்மார்க்கட்டுக்கு பஸ் ஏறுகிறார்கள். காசு முடிந்த 18ஆம் திகதி நம் கடைக்குக் கொப்பியோடு வருகிறார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. அங்கே விலை ஒட்டியிருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பெண்கள் யாரையும் கேட்காமல் எடுத்துப் பார்க்கலாம். நம்மில் எத்தனை பேர் விலையை ஒட்டி வைக்கிறோம்? கொப்பிக்காரனுக்கு ஒரு விலை, காசுக்காரனுக்கு ஒரு விலை என்று வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கம் சூப்பர்மார்க்கட்டுக்கு நாமே போட்டுக் கொடுத்த பாதை.

தோட்டத்தில் வேலை செய்பவர்களின் தொகையும் குறைந்துகொண்டே போகிறது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள், பெண்கள் சிலர் மத்திய கிழக்குக்கு. அவர்கள் அனுப்பும் பணம் 10ஆம் திகதி பார்த்து வருவதில்லை, தொலைபேசியில் எந்த நாளும் வருகிறது. ஆகவே மாதத்தில் இரண்டு நாள் வியாபாரத்தை நம்பிச் சரக்குப் போடும் பழக்கம் இனிச் சரிவராது.

கொப்பியை மூடச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூடினால் நமக்கும் சூப்பர்மார்க்கட்டுக்கும் இடையில் இருக்கும் ஒரே வித்தியாசமும் போய்விடும். ஆனால் கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் அதை ஒழுங்காக எழுத வேண்டும். வாங்குபவரிடம் ஒரு கொப்பி, கடையில் ஒரு கொப்பி, இரண்டிலும் ஒரே கையெழுத்து. குடும்பத்தின் மாத வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பற்று ஏறக்கூடாது. மரணம், நோய் என்றால் அது வேறு கணக்கு. பஜாரில் ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரே லொறியில் சீனியும் பருப்பும் இறக்கினால் லொறிக் கூலியில் மிஞ்சுவதைக் கொண்டே விலையைக் கொஞ்சம் இறக்கலாம். இதைப் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறோம். யார் வீட்டுக் களஞ்சியத்தில் மூடைகளை இறக்குவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.