எந்த மரத்துக் கரி?

முப்பத்திரண்டு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றிலே இரசாயனம் கற்பித்தேன். ஆண்டுதோறும் ஒருமுறை கரும்பலகையிலே வெண்கட்டியால் மூன்று எண்களை எழுதுவதுண்டு: வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. கருமருந்து எனப்படும் பழைய வெடிமருந்தின் சேர்மானம் அதுவே. மாணவர் படியெடுப்பர், மணி அடிக்கும், நானும் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன்.

1985ஆம் ஆண்டு என்று நினைவு. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். மெலிந்த பையன், கேள்வி கேட்பதில் மட்டும் தளராதவன். "சேர், கரி என்றால் எந்த மரத்துக் கரி?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் ஓய்ந்துவிட்டது. வெடிமருந்தைப் பற்றி ஒரு மாணவன் கேட்பதும், அதற்கு ஓர் ஆசிரியன் விடை சொல்வதும் ஆபத்தாக இருந்த காலம் அது. "கரி என்றால் கரிதான், இரு" என்றேன். அவன் இருந்துவிட்டான். நான் அஞ்சினேன் என்பது உண்மை. ஆனால் அதனைக் காட்டிலும் பெரிய உண்மை வேறொன்று: எனக்கு விடை தெரியாது.

விடையை அறிய எனக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன.

சென்ற ஆண்டு இங்கிலாந்திலே மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அயல் வீட்டில் ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தபாற்காரர். வாரத்தில் ஒருநாள் நீண்ட பையொன்றைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். அதனுள்ளே பழங்காலத்துத் துவக்கு ஒன்று இருப்பதாகவும், இலக்கு நோக்கிச் சுடும் சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினர் என்றும் மருமகன் கூறினார். நானும் ஒருநாள் அவருடன் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஊரிலே கேட்ட துவக்குச் சத்தம் போதாதா, மாமா?" என்றார் மருமகன். நியாயமான கேள்விதான். துவக்கு என்ற சொல்லையே விரும்பாதவர்கள் நாம். ஆயினும் அம்மூன்று எண்களை அத்தனை ஆண்டுகள் எழுதியவன், அவை எரிவதை ஒருநாளாவது அருகிலே நின்று காண வேண்டுமென்ற ஆசையை என்னால் அடக்க முடியவில்லை.

சரே மாவட்டத்திலுள்ள பிஸ்லி என்னும் இடத்துக்குச் சென்றோம். 1859இல் அமைந்த பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கம், முதலில் விம்பிள்டன் வெளியிலே போட்டிகளை நடத்திப் பின்னர் 1890இல் இவ்விடத்துக்கு வந்தது. முதியவர் வைத்திருந்தது 1871இல் பிரித்தானியப் படைக்கென ஏற்கப்பட்ட மாட்டினி-ஹென்றி. அதன் தோட்டாவிலே 85 கிறெயின் கருமருந்தும் 480 கிறெயின் நிறையுள்ள ஈயக்குண்டும் இடுவது அக்காலத்து அளவு. 7000 கிறெயின் சேர்ந்தால் ஓர் இறாத்தல். மருந்தின் அளவுக்கு அன்று இருந்த மதிப்பை அமெரிக்கரின் வழக்கிலும் காணலாம். 1873இல் அவர்களது படை ஏற்ற தோட்டாவுக்கு 45-70 என்பது பெயர். முன்னது துவக்கின் வாயளவு, அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. பின்னது மருந்தின் நிறை, 70 கிறெயின். மருந்தின் அளவே தோட்டாவின் பெயராயிற்று.

"நீங்கள் இரசாயன ஆசிரியர் அல்லவா? கருமருந்து என்றால் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார் முதியவர். நான் மூன்று எண்களையும் ஒப்புவித்தேன். அவர் சிரித்தார். "சரி. எந்த மரத்துக் கரி?" என்றார்.

நான் திகைத்து நின்றேன். பின் வாங்குப் பையனின் குரல் அது.

முதியவர் விளக்கினார். வால்தம் அபேயிலே 1787இல் அரசு வாங்கிய மருந்தாலையில், பெரும் பீரங்கிகளுக்கான மருந்துக்கு வில்லோ, அல்டர் ஆகிய மரங்களின் கரியைப் பயன்படுத்தினார்கள். படைவீரனின் துவக்குக்கு உரிய நுண்மருந்துக்கோ, அல்டர் பக்தோர்ன் என்னும் சிறு புதர்மரத்தின் கரியையே தேடினார்கள். சேர்மானம் ஒன்றேயாயினும் மரம் மாறினால் மருந்து எரியும் விரைவு மாறும். நான் வகுப்பிலே கரியைக் காபன் என்று ஒரே குறியீட்டால் எழுதிவந்தேன். ஆனால் கரி தூய காபன் அன்று. மரத்தின் இயல்பையும் அது சுடப்பட்ட வெப்பத்தையும் பொறுத்து, ஐதரசனும் ஒட்சிசனும் அதனுள்ளே எஞ்சிநிற்கும். நுண்துளைகளின் அமைப்பும் வேறுபடும். மரம் எரிந்த பின்னரும் மரத்தின் குணம் கரியிலே தங்கிவிடுகிறது.

அப்படியாயின் மருந்தைத் தெரிவு செய்வது எவ்வாறு? முதியவர் தமது இடக்கையை உயர்த்திக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. "முதலாவது தெரிவு இது" என்றார். 1884இல் பிரான்சிலே போல் வியேய் என்பவர் புகையற்ற மருந்தை உருவாக்கினார். அளவில் சிறிதாயினும் அழுத்தத்தில் அது மிகப் பெரிது. கருமருந்துக்கென்று செய்த பழைய துவக்கிலே அதே கொள்ளளவுக்குப் புகையற்ற மருந்தை இட்டால் துவக்கே வெடித்துச் சிதறும். இளமையிலே அவசரத்தில் தகரம் மாறி எடுத்த பிழைக்கு அவர் கொடுத்த விலை அவ்விரு விரல்கள். அன்று தொடக்கம் மேசைமீது ஒரு வேளையில் ஒரு தகரத்துக்கு மேல் அவர் வைப்பதில்லை. கருமருந்தை வைத்திருப்பதற்கு அந்நாட்டிலே பொலிசாரின் உரிமப் பத்திரமும் வேண்டும். அறையறையாகத் தடுத்த மரப்பெட்டியும் வேண்டும்.

இரண்டாவது தெரிவு மணியின் பருமன். கருமருந்து தூளாக அன்றி மணிமணியாக விற்கப்படுவது. அமெரிக்க வழக்கிலே எஃப் என்னும் எழுத்து எத்தனை முறை வருகின்றதோ, மணி அத்தனைக்கு நுண்ணியது. நுண்மணி விரைந்து எரிந்து கடும் அழுத்தத்தைத் தரும். பருமணி சற்று ஆறுதலாக எரிந்து, கனத்த குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். கைத்துப்பாக்கிக்கு ஏற்றது கனத்த தோட்டாவுக்கு ஏலாது. தோட்டாவினுள்ளே மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வெற்றிடம் விடலாகாது என்பதும் விதி. நீண்ட குழாய் வழியாக மருந்தை மெல்ல ஊற்றி அமரச் செய்கின்றனர்.

மூன்றாவது தெரிவே கடினமானது. அது எச்சத்தைப் பற்றியது. ஆன்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபல் என்னும் இருவர் மூடிய பாத்திரத்திலே கருமருந்தை எரித்து ஆராய்ந்து 1875இல் முடிவுகளை வெளியிட்டனர். எரிந்த மருந்தின் நிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வாயுவாவதில்லை; திண்மமாக எஞ்சுகின்றது. வெண்புகையாக நாம் காண்பதும், குழலிலே கரிய படலமாக ஒட்டுவதும் அதுவே. வெயிலும் வறட்சியும் மிகுந்த நாளிலே அப்படலம் ஓடுபோல் இறுகிவிடும். அடுத்த குண்டு அதன்மேல் உரசிச் சென்றால் நேர்வழி தவறும். ஆகவே நல்ல மருந்தென்பது மென்மையான எச்சத்தை விடும் மருந்து. சுவிற்சர்லாந்திலே ஓபோன் என்னும் ஊரில் செய்யப்படும் மருந்துக்கு இவ்விடயத்திலே நல்ல பெயருண்டு.

ஒவ்வொரு வேட்டின் பின்னும் முதியவர் குழலின் பின்புறத்திலே ஒரு சிறு குழாயைப் பொருத்தி, நாலைந்து முறை மெல்ல ஊதினார். மூச்சின் ஈரம் எச்சத்தை இளக்குகின்றது. அடுப்பை ஊதும் நம் பாட்டியரின் ஊதுகுழல் என் நினைவுக்கு வந்தது. அது நெருப்பை எழுப்ப ஊதுவது. இது நெருப்பு விட்டுச் சென்றதை ஆற்ற ஊதுவது.

அன்று அவர் இருவகை மருந்துகளைச் சோதித்தார். 300 யார் தூரத்து இலக்கிலே ஒவ்வொன்றிலும் பத்து வேட்டுக்கள். வேகத்தை அளக்கும் கருவியும் இருந்தது. நுண்மணி மருந்து குண்டை விரைவாக அனுப்பியது. எனினும் வேட்டுக்கு வேட்டு வேகம் கூடிக் குறைந்தது. பருமணி மருந்தின் வேகம் குறைவு. ஆனால் பத்தும் ஏறத்தாழ ஒன்றே. இலக்கு அட்டைகளைக் கொண்டுவந்தபோது இரண்டாவதன் துளைகளை என் உள்ளங்கை விரித்து மூடிவிடலாம் போலிருந்தது. முதலாவதற்கு இரு கைகளும் போதவில்லை. "வலியது வேண்டாம், மாறாதது வேண்டும்" என்றார் முதியவர். வினாடிக்குப் பத்துப் பதினைந்து அடி வேகம் வேறுபட்டால், ஆயிரம் யார் தூரத்திலே குண்டு ஓரிரண்டு அடி மேலோ கீழோ போய்விடும். ஒரே பெயருள்ள மருந்திலும் ஒரு தொகுதி போல் மறு தொகுதி இராது. அமெரிக்காவிலே எஞ்சியிருந்த ஒரே கருமருந்தாலை 2021இல் உற்பத்தியை நிறுத்தி, 2022இல் வேறு கைக்கு மாறியபோது, இக்கலையில் ஈடுபட்டோர் கலங்கியதன் காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது.

தேநீர் வேளையிலே அவர் ஒரு கதை சொன்னார். 1874 செப்டெம்பர் 26ஆந் திகதி, நியூயோர்க்கின் லோங் ஐலண்டிலே கிரீட்மோர் என்னுமிடத்தில் அயர்லாந்தரும் அமெரிக்கரும் போட்டியிட்டனர். அணிக்கு அறுவர், 800, 900, 1000 யார் தூரங்களிலே ஒவ்வொருவருக்கும் பதினைந்து வேட்டுக்கள். அயர்லாந்தர் கையில் வாய்வழி மருந்திடும் பழைய முறைத் துவக்குகள். அமெரிக்கர் கையில் தோட்டாவைப் பின்புறத்தால் இடும் புதியவை. இறுதி வேட்டுக்கு முன் அயர்லாந்தருக்கு 931, அமெரிக்கருக்கு 930. எஞ்சியவர் ஜோன் போடின் ஒருவரே. சற்று முன்னர்தான் ஜிஞ்சர் பியர்ப் போத்தல் உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிடந்தார், சுட்டார், ஆயிரம் யாருக்கு அப்பால் மூன்றடிச் சதுரக் கரும்புள்ளியிலே குண்டு பட்டது. நான்கு புள்ளிகள். அமெரிக்கர் 934 என வென்றனர்.

"ஆனால் அயர்லாந்தருள் மில்னர் என்பவர் அன்றைய தினம் ஒரு கரும்புள்ளியைத் தவறான பலகையிலே அடித்தார்" என்று முதியவர் தொடர்ந்தார். "மருந்து பிழையில்லை, குண்டு பிழையில்லை, கையும் பிழையில்லை. பக்கத்துப் பலகை, ஆகவே பூச்சியம். அந்த நான்கு புள்ளிகள் கிடைத்திருந்தால் வெற்றி அவர்களுடையது."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பலகையே என் கண்முன் நின்றது. 1985இல் நான் எழுதிய மூன்று எண்களிலும் பிழையில்லை. ஆயினும் அந்தப் பையன் கேட்டது வேறு பலகை. சேர்மானத்தை நான் சொன்னேன்; பொருளின் குணத்தை அவன் கேட்டான். சூத்திரம் முடிந்த இடத்திலே விஞ்ஞானம் தொடங்குகின்றது என்பதை, கற்பித்தவனுக்கு முன்னரே கற்க வந்தவன் கண்டுகொண்டான். அஞ்சியதற்கு அன்றைய காலம் காரணமாகலாம். "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லாததற்குக் காலத்தைக் குறைகூற இயலாது.

மாலையில் முதியவர் வீட்டுப் பின்முற்றத்திலே துவக்கைக் கழுவினார். புகையற்ற மருந்தின் அழுக்குக்கு எண்ணெய்கள் வேண்டும். கருமருந்தின் உப்புக்களுக்குக் கொதிநீரே போதும். கழுவாமல் ஓரிரவு விட்டாலும் அவ்வுப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். முதலில் ஓடிய நீர் மையாகக் கறுத்திருந்தது, பிறகு சாம்பல் நிறமாயிற்று, ஈற்றிலே தெளிந்தது. தெளியும்வரை அவர் விடவில்லை.

அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்பதை நான் அறியேன். 1986ஆம் ஆண்டின் பின் அவனை நான் காணவில்லை. விசாரித்த இடங்களிலும் விடை கிடைக்கவில்லை. இந்தப் பத்திரிகை எங்கேனும் அவன் கைக்கு எட்டுமாயின் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: தம்பி, கரி என்றால் கரி மட்டும் அன்று, மரத்துக்கு மரம் வேறு. நீ கேட்டது சரியான கேள்வி.