உங்களுக்குத் தெரியுமா? ருவாண்டாவில் வரிசையே வாக்கு!
ருவாண்டாவில் ஆட்சியின் கடைசிப் படி ‘உமுதுகுது’ எனும் சிற்றூர். நாடெங்கும் ஏறத்தாழ 14,800 உண்டு. அதன் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சீட்டு கிடையாது. பிடித்தவரின் பின்னால் மக்கள் வரிசையாக நிற்பார்கள். தலைகளை எண்ணி முடிவு சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே அப்படி நிற்க எத்தனை துணிச்சல் வேண்டும்! ஜெயித்தவருக்குச் சம்பளமும் இல்லை. ஆனாலும் ஊர்ச் சண்டையைத் தீர்ப்பதிலிருந்து, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் ‘உமுகாண்டா’ பொதுப்பணிக்கு ஆள் திரட்டுவது வரை அவர் தலையில்தான். சிற்றூருக்கு மேலே, படிப்படியாக 2,148 ‘அககாரி’ எனும் அலகுகள், 416 வட்டாரங்கள், 30 மாவட்டங்கள். 2006 சீரமைப்பில் மாகாணங்கள் நான்காகச் சுருங்கின. தலைநகர் கிகாலி தனி. மாவட்ட மேயர்கள் ஆண்டு இலக்குகளை எழுதி, அதிபரோடு ஒப்பந்தமே போடுகிறார்கள். அதன் பெயர் ‘இமிஹிகோ’.