கையின் வேலையை மோட்டாரிடம் கொடுக்கும் முன்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளை உறை, உறையின் அடியில் பொறி தரும் ப்ரைமர், வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது உறை மட்டும். பெரும்பாலும் நான்கில் விலை கூடியதும் அதுதான். அந்தக் காலி உறையைச் சேர்த்துவைத்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டு மறுபடி தோட்டாவாக்குவதற்கு அமெரிக்காவில் ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்பதென்றால் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே இது முழுக்க அமெரிக்க வீட்டுப் பட்டறைகளின் கதை.

அங்கே இதற்கு அதிகம் மெனக்கெடுபவர்கள் போட்டிகளில் சுடுபவர்கள். பயிற்சிக்கே ஏராளமான தோட்டா வேண்டும் என்பது ஒரு காரணம். தங்கள் துப்பாக்கிக்கும் போட்டி விதிக்கும் பொருந்தத் தோட்டாவை அமைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிச் சுடும் அமைப்பின் போட்டிகளில் குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுக்கிறார்கள். விடை 125-க்குக் குறையக்கூடாது. (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன்.) 147 கிரெய்ன் குண்டு நொடிக்கு 880 அடி வேகத்தில் போனால் 129, தேறிவிடும். தேவையை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டால் துப்பாக்கியின் உதைப்பும் குறையும்.

இரண்டு வகை பிரஸ்

இந்த வேலையைச் செய்யும் கைப்பிடி இயந்திரத்துக்குப் பிரஸ் என்று பெயர். அதில் எளிய வகை ஒற்றை நிலை பிரஸ். ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் இதில் பெயர்பெற்றது. ஒவ்வொரு வேலைக்கும் டை என்ற தனி அச்சு உண்டு; ஒரு நேரத்தில் ஒரே ஒரு டைதான் மாட்ட முடியும். எல்லா உறைகளுக்கும் ஒரு வேலையை முடித்து, டையை மாற்றி, அடுத்த வேலைக்குப் போக வேண்டும். நிதானமான வேலை, தவறு நடந்தால் உடனே கண்ணில் படும்.

இரண்டாவது வகை புரோகிரஸிவ் பிரஸ். மைக் டில்லன் தொடங்கிய அரிசோனாவின் டில்லன் பிரிசிஷன் நிறுவனம் இதை வீடுகளுக்குப் பரவலாகக் கொண்டுபோனது. இதில் உறைகள் ஒரு வட்டத் தட்டில் குடைராட்டினம் போல நகர்கின்றன. அந்த நிறுவனத்தின் சூப்பர் 1050 பிரஸ்ஸில் எட்டு நிலைகள்: உறை ஏறுவது, பழைய ப்ரைமரைத் தள்ளி உறையை அளவுக்குக் கொண்டுவருவது, ப்ரைமர் குழியின் விளிம்பைச் சீராக்குவது, புது ப்ரைமர், மருந்து, மருந்துச் சோதனை, குண்டை அமர்த்துவது, வாயை இறுக்குவது. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எட்டு நிலையிலும் வேலை நடக்கிறது. ஒரு முழுத் தோட்டா வெளியே விழுகிறது.

மோட்டாருக்கு முந்தைய மேம்பாடுகள்

வேகத்தைக் கூட்டும் முன் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். 9 மி.மீ. உறை குட்டையானது, மருந்து வாயருகே வந்து நிற்கும். தட்டு அடுத்த நிலைக்கு வந்து ‘டக்’கென்று நின்றால் சில துகள்கள் துள்ளி வெளியே விழும். அந்த உறையில் மருந்து குறையும். சிந்தியது தட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்து ப்ரைமர் நகரும் இடத்தில் உறுத்தும். டில்லனின் 650 பிரஸ் வைத்திருந்த பலர் இதற்குச் செய்த வைத்தியம் சின்னது: தட்டைப் பிடிக்கும் போல்ட்டின் கீழ் ஒரு பேரிங், தட்டை நிலையில் நிறுத்தும் சிறு உருண்டைக்குக் கொஞ்சம் தளர்ந்த ஸ்பிரிங். தட்டு துள்ளாமல் வழுக்கி வந்து நிற்கும். கூடவே மேசையைச் சுவரோடு சேர்த்து இறுக்குவது, உறையின் வாய்க்குள் பார்க்கும்படி ஒரு எல்.இ.டி. விளக்கு பொருத்துவது ஆகியவையும் செலவு குறைந்த, பலன் நிறைந்த மாற்றங்கள்.

அடுத்தது ஊட்டும் கருவிகள். உறைகளைக் கொட்டினால் ஒரே திசையில் திருப்பி வரிசையாக இறக்கும் கேஸ் ஃபீடர், குண்டுகளை அதேபோல் இறக்கும் புல்லட் ஃபீடர். இவை வந்தபின் இடது கை சும்மா இருக்கும். வலது கை கைப்பிடியை மட்டும் இழுக்கும். அந்த வலது கைக்கும் ஓய்வு கொடுப்பதுதான் மோட்டார்.

கைக்குத் தெரிந்தது மோட்டாருக்குத் தெரியாது

கைப்பிடியை இழுக்கும் மனிதன் தன்னையறியாமல் ஒவ்வோர் இழுப்பிலும் சோதனை செய்கிறான். ப்ரைமர் குழியில் அமரும்போது ஒரு மெல்லிய எதிர்ப்பு கைக்குத் தெரியும். அது இல்லையென்றால் ப்ரைமர் வரவில்லை, அல்லது குழி தளர்ந்துவிட்டது. எதிர்ப்பு வழக்கத்துக்கு மேல் இருந்தால் ப்ரைமர் சாய்ந்து நிற்கலாம். 9 மி.மீ. உறைக்குள் .22 உறை ஒன்று செருகிக்கொண்டு வந்திருந்தாலும், உறைக்குள் கல் கிடந்தாலும் பழைய ப்ரைமரைத் தள்ளும் நிலையிலேயே கை நின்றுவிடும்.

மோட்டாருக்கு இந்த உணர்வு கிடையாது. தடை வந்தால் அது இன்னும் பலமாக அழுத்தும். சாய்ந்து நிற்கும் ப்ரைமரைப் பலமாக அழுத்தினால் அது வெடிக்கலாம். குழாயில் நூறு ப்ரைமர் அடுக்கியிருக்கும்போது ஒன்று வெடித்தால் மற்றவையும் தொடரும். பிரஸ்களில் அந்தக் குழாயைச் சுற்றி உலோகக் கவசம் இருப்பது இதனால்தான்.

ஆகவே பிரஸ்ஸைத் தானியங்கியாக்குவது என்பது கையிடமிருந்து பிடுங்கிய உணர்வை ஒவ்வொன்றாகச் சென்சார்களிடம் ஒப்படைப்பது. மார்க் 7 போன்ற நிறுவனங்களின் தானியங்கி அமைப்புகளும் ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகை வைத்து வீட்டில் செய்துகொள்பவர்களின் அமைப்புகளும் இந்த வழியில்தான் போகின்றன. முதலில் கிளட்ச் அல்லது முறுக்குவிசை வரம்பு: குறித்த அளவுக்கு மேல் விசை தேவைப்பட்டால் மோட்டார் நிற்க வேண்டும். பிறகு பழைய ப்ரைமர் விழுந்ததா என்று பார்க்கும் சென்சார், புது ப்ரைமர் வந்ததா என்று பார்ப்பது, குழாயில் ப்ரைமர் தீர்வதைச் சொல்வது, குண்டு ஏறியதா என்று பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான்.

மருந்துச் சோதனை

இந்த வேலையில் உயிரோடு விளையாடும் தவறுகள் இரண்டு. மருந்தே விழாத தோட்டாவைச் சுட்டால், ப்ரைமரின் பலத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். மருந்து இரண்டு முறை விழுந்த தோட்டா முதல் முறை சுடும்போதே துப்பாக்கியைச் சிதைக்கக்கூடும். .38 ஸ்பெஷல் போன்ற பழைய உறைகள் கருமருந்துக் காலத்தில் பிறந்தவை. உள்ளே இடம் அதிகம். அடர்த்தியான இக்கால மருந்து இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது. ஒரு மடங்கிலேயே உறையில் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தை அனுபவசாலிகள் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். இரண்டாவது விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்துச் சோதனை டை ஒரு கம்பியை உறைக்குள் இறக்கி மருந்தின் உயரத்தைப் பார்க்கிறது. டில்லனின் அமைப்பு ஒலியெழுப்பும்; ஆர்.சி.பி.எஸ். லாக்-அவுட் டை பிரஸ்ஸையே நிறுத்திவிடும். இரண்டும் பிடிப்பது மருந்து இல்லாததையும் இரட்டிப்பானதையும்தான். சிறிய ஏற்ற இறக்கத்தை இவற்றால் சொல்ல முடியாது. அதற்கு இடையிடையே ஒரு உறையை எடுத்து மருந்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மோட்டார் வந்தபின் இந்தப் பழக்கம் கூட வேண்டும், குறையக்கூடாது. மணிக்கு 1800 தோட்டா வேகத்தில் இரண்டு நொடிக்கு ஒன்று விழும். மருந்தளவு நகர்ந்ததைப் பத்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தால் முந்நூறு தோட்டா சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஆட்டம், பிறகு வெளிச்சம், அடுத்து மருந்துச் சோதனை. அதன்பின் உறை, குண்டு ஊட்டிகள். மற்ற சென்சார்களும் கிளட்ச்சும் மோட்டாரோடு சேர்ந்தே வர வேண்டும். அவற்றுக்குப் பணம் போதவில்லையென்றால் மோட்டாரும் இப்போதைக்கு வேண்டாம். மருந்தளவு எதுவானாலும் அச்சிட்ட கையேட்டில் உள்ளதுதான் அளவு. அடுத்தவர் வாய்ச்சொல் அளவாகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெரும்பாலான ப்ரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கைகழுவ வேண்டும். மோட்டார் ஓடும்போது எவ்வளவு நல்ல சென்சார் இருந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஓடவிட்டு அடுத்த அறைக்குப் போகக்கூடிய இயந்திரம் இதில் இன்னும் வரவில்லை.