உங்களுக்குத் தெரியுமா?

‘செலவு’ என்ற சொல் ‘செல்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. சங்க இலக்கியத்தில் அதற்குப் பயணம் என்பது பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் ‘செலவழுங்குதல்’ என்று பெயர். அன்று பொருள் தேடிப் போவது செலவு. இன்று பொருள் கையை விட்டுப் போவது செலவு!

✦ வருவது வரவு, செல்வது செலவு. இலங்கையில் பட்ஜெட்டை ‘வரவு செலவுத் திட்டம்’ என்பார்கள்.

✦ பணம் தானாகக் கரைந்தால் ‘செலவாகிறது’. நாமே கொடுத்தால் ‘செலவழிக்கிறோம்’. பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைச் ‘செலவிடுகிறோம்’ என்பதே அழகு.

✦ கொங்கு நாட்டில் மிளகு, சீரகம், மல்லி போன்றவை ‘செலவு சாமான்’. அவற்றை அரைத்து வைப்பதே மணமணக்கும் செலவு ரசம்!