பாட்டிக்குப் பசிக்கலையாம்! கப்பலில் காலைச் சாப்பாட்டுக் கூட்டத்தைச் சமாளிப்பது எப்படி?

ஆக்லாந்தில் கப்பல் சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். நம்ம பிள்ளைகளின் கோடை விடுமுறை சரியாக அதன் நடுவில் வருகிறது. ஊரிலிருந்து அம்மா அப்பாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்குவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். மூன்று தலைமுறையும் சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்று பேச்சு எழுந்தால் கப்பலில் போய்தான் அது நிற்கும். குயின்ஸ் வார்ஃபில் ஏறினால் ஆச்சு. பெட்டியை ஒரே ஒரு தடவை பிரிக்கலாம், கார் ஓட்ட வேண்டாம், முக்கியமாக யாரும் சமைக்க வேண்டாம்.

போய் வந்தவர்களைக் கேட்டால் கடல் அழகு, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், தாத்தாவுக்கு தினமும் வாக்கிங் என்று நிறையச் சொல்வார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஆனா அந்த ப்ரேக்ஃபாஸ்ட் இருக்கே..." என்பார்கள்.

கப்பல் எங்கும் நிற்காமல் கடலில் போகும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மணி காலை ஒன்பதேகால். மேல் டெக் பஃபேயில் ஆம்லெட் போடும் இடத்தில் ஒரு வரிசை, காபி மெஷினில் இன்னொரு வரிசை, காலி மேசைக்காகத் தட்டும் கையுமாக அலைகிற குடும்பங்கள். பேரன் ஒரு பக்கம் வாஃபிளைத் தேடி ஓடுகிறான், பேத்தி இன்னொரு பக்கம். பாட்டி வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "எனக்குப் பசிக்கலம்மா. ஒரு வாய் காபி போதும். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவருக்குப் பசி உண்டு. லேசாக ஆடும் தரையில் சூடான தட்டைப் பிடித்துக்கொண்டு, தெரியாத மனிதர்களை இடித்துக்கொண்டு போய் எடுத்துச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவும் மாட்டார். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். இன்சுலின் போடுகிறவர்களும், க்ளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவர்களும் மருந்தைப் போட்டுக்கொண்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றால் சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுங்கும், வேர்க்கும், தலை சுற்றும். அலை ஆட்டத்தில்தான் தலை சுற்றுகிறது என்று நாம் நினைத்துவிடக்கூடிய ஆபத்தும் உண்டு.

அம்மாவின் கதி தனி. பிள்ளைகளுக்கு ஒரு நடை, பாட்டிக்கு ஒரு நடை, ஜூஸுக்கு ஒரு நடை. அவள் உட்காரும்போது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து எழுந்திருப்பார்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை சுடுகிறவருக்குக் கடைசி தோசைதானே! சமைக்காமல் இருப்பதற்காகக் கப்பல் ஏறிய இடத்திலும் அதேதான் நடக்கிறது என்றால் இவ்வளவு டாலர் கொடுத்து எதற்கு?

இந்தக் கூட்டம் நாள் முழுக்க இருப்பதில்லை. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. கடலில் ஓடும் நாளில் முதல் நாள் இரவு ஷோ பார்த்துவிட்டு எல்லோரும் தாமதமாக எழுவார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் மொத்தக் கப்பலும் ஒரே மாடிக்கு வரும். துறைமுகத்தில் நிற்கும் நாளில் நேர்மாறு. எட்டு மணி டூருக்குக் கிளம்புகிறவர்கள் ஏழு மணிக்கே வந்து குவிவார்கள், ஒன்பதுக்கு மேல் இடம் வெறிச்சோடும். ஆக, கடல் நாளில் சீக்கிரம் போங்கள், கரை நாளில் முடிந்தால் தாமதமாகப் போங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், நேரத்தை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவதுதான் நல்லது. இரவு உணவுக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அந்தப் பெரிய டைனிங் ரூம், பெரும்பாலான கப்பல்களில் காலையிலும் திறந்திருக்கும். தனிக் கட்டணம் கிடையாது. நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. அங்கே நல்ல உடை போட்டுக்கொண்டு இரவில்தான் போக வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். காலையில் சாதாரண உடையே போதும். திறந்திருக்கும் நேரம் மட்டும் பஃபேயைவிடக் குறைவு, நாளுக்கு நாள் மாறவும் செய்யும். முதல் நாள் இரவே கப்பலின் ஆப்பிலோ கேபினில் வைக்கும் தாளிலோ பார்த்துவிடுங்கள்.

அங்கே நடப்பது இதுதான். உட்கார வைப்பார்கள், மெனு தருவார்கள், தட்டு மேசைக்கு வரும். பாட்டி எழுந்திருக்க வேண்டியதில்லை. அம்மாவும் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வரும். பஃபேயைவிட நேரம் அதிகம் எடுக்கும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். "அவ்வளவு நேரம் பிள்ளைங்க உட்காரணுமா?" என்று கேட்பீர்கள். கடல் நாளில் வேறு என்ன அவசரம்? தாத்தா பாட்டி ஊர்க் கதை சொல்ல, போன் இல்லாமல் பிள்ளைகள் கேட்க, ஆக்லாந்து வீட்டில் வாரநாள் காலையில் அப்படி ஒரு மணி நேரம் கிடைக்குமா? ஸ்கூல் பையும் லஞ்ச் பாக்ஸும் மோட்டர்வே டிராஃபிக்கும்தான் கிடைக்கும்.

சைவம் சாப்பிடும் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பஃபேயில் சாசேஜ் எடுத்த அதே இடுக்கி அடுத்த நிமிடம் உருளைக்கிழங்குத் தட்டில் இருக்கும். கூட்டம் அதிகமாக அதிகமாக இந்தக் கலப்படமும் அதிகமாகும். பாட்டி கண்ணில் அது ஒரு தடவை பட்டால் போதும், மிச்சப் பயணம் முழுக்க வாழைப்பழமும் பிரெட்டும்தான். டைனிங் ரூமில் மேசைக்கு வருகிறவரிடம் நேராகச் சொல்லலாம்: முட்டை வேண்டாம், இறைச்சி பட்ட கல்லில் வாட்ட வேண்டாம். இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே எழுதிவிடுங்கள், ஏறிய அன்று டைனிங் ரூம் மேலாளரிடம் நேரில் இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள். கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். முதல் நாள் இரவே கேட்டால் காலையில் ஒரு உப்புமா வந்தாலும் வரும். கேட்பதில் தவறில்லை. வராவிட்டால் முகம் சுளிக்காதீர்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிற இடம் அது.

நம்ம ஆட்கள் சிலர் இதற்கெல்லாம் முன்னேற்பாடாக ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைப்பார்கள். வேண்டாம். தீ ஆபத்து என்பதால் சூடேற்றும் சாதனங்களைக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏறும்போதே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், எடுத்து வைத்துக்கொள்வார்கள். குட்டிக் கெட்டிலுக்கும் அதே கதிதான்.

சரி, தாத்தா ஐந்தரை மணிக்கே எழுந்து காபிக்குத் தவிக்கிறவர் என்றால்? கேபினுக்கே வரவழைக்கலாம். பல கப்பல்களில் காபி, டீ, பிரெட், சீரியல், பழம் போன்ற எளிய காலை உணவைக் கட்டணமில்லாமல் கொண்டுவந்து தருவார்கள். சூடான வகைகளுக்குச் சில நிறுவனங்கள் காசு கேட்கும், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கதவில் மாட்டுகிற அட்டையில் குறித்து இரவே வெளியே தொங்கவிட வேண்டும், அல்லது ஆப்பில் சொல்ல வேண்டும். மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காலையில் கேபினில் இரண்டு துண்டு டோஸ்டும் காபியும் மாத்திரையும் முடித்துவிட்டால், அப்புறம் எட்டரைக்கு எல்லோரோடும் டைனிங் ரூமுக்கு நிதானமாக வரலாம்.

கப்பல் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள், கடிகாரம் உங்களுக்கு உதவும். கோடையில் ஆக்லாந்தைவிட ஃபிஜி ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், நூமியாவும் வனுவாட்டுவும் இரண்டு மணி நேரம் பின்னால். வடக்கே போகும்போது கப்பலின் கடிகாரத்தை இரவில் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஏழு மணிக்கு எழுகிற பிள்ளை கப்பல் நேரப்படி ஆறு அல்லது ஐந்து மணிக்கே எழுந்து உங்கள் போர்வையை இழுக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாட்டு இடம் திறக்கும்போது முதல் ஆளாக நிற்கப்போவது நீங்கள்தான். திரும்பி வரும்போது கடிகாரம் முன்னே போகும். அன்று கப்பலே தூங்கி வழிந்து ஒரே நேரத்தில் சாப்பிட வரும். அந்த நாளுக்குக் கேபின் காபியை நம்புங்கள். பே ஆஃப் ஐலண்ட்ஸ், டௌரங்கா என்று நியூசிலாந்துக்குள்ளேயே சுற்றும் கப்பலில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

ஃபிஜியில் லௌட்டோகாவில் கப்பல் நின்றால் நம்ம குடும்பங்கள் நாந்தியில் உள்ள ஸ்ரீ சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குத்தான் முதலில் கிளம்பும். 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர்கள் அவை. அந்தக் கப்பல்களில் போனவர்களை நினைத்தால் ஆம்லெட் வரிசையைப் பற்றிப் புகார் சொல்ல வாய் வராது, அது வேறு விஷயம். கோயில் நாளில் கவனிக்க வேண்டியது பாட்டியைத்தான். "சாமி பார்த்துட்டுத்தான் சாப்பிடுவேன்" என்பார். கப்பலிலிருந்து இறங்கி, டாக்ஸி பிடித்து, அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போய், வெயிலில் பிராகாரம் சுற்றி முடிக்கப் பத்தரை ஆகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் அப்படிச் செய்யலாமா, மருந்தை எப்படி மாற்ற வேண்டும் என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். டாக்டர் சொன்னார் என்றால் கேட்பார். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்.

கரை நாட்களில் இன்னொன்று. டௌரங்காவில் கப்பல் மவுண்ட் மாங்கனுயியில் கரையை ஒட்டியே நிற்கும், எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். பே ஆஃப் ஐலண்ட்ஸில் அப்படி இல்லை. கப்பல் தண்ணீரிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில்தான் வைத்தாங்கிக்குப் போக வேண்டும். முதல் படகுகளுக்குத்தான் தள்ளுமுள்ளு. கப்பல் வழியாக டூர் எதுவும் எடுக்காத குடும்பம் என்றால் முதல் கூட்டம் போகட்டும் என்று விடுங்கள். காலியான டைனிங் ரூமில் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் காலியான படகில் போகலாம்.

இறங்கும்போது பிள்ளைகளுக்காக ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் பையில் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். கப்பல் உணவைக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. நியூசிலாந்தில் உயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளும் மோப்ப நாய்களும் நிற்பார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் 400 டாலர் அபராதம். ஒரு வாழைப்பழத்துக்கு! நீங்கள் கொண்டுபோன இட்லிப்பொடி மிச்சம் இருந்தால், ஆக்லாந்தில் இறங்கும்போது அதையும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பிள்ளைகள் "பஃபே, பஃபே" என்றுதான் குதிப்பார்கள், தெரியும். வாஃபிள் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஆனால் மொத்தக் குடும்பமும் போக வேண்டாம், அப்பா மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும். பல கப்பல்களில் பஃபே இடது வலது என்று இரண்டு பக்கமும் ஒரே சாப்பாடுதான், எல்லோரும் முதல் வாசலிலேயே முட்டுவார்கள், கடைசிவரை நடந்தால் வரிசை குறையும். லிஃப்டிலும் அதே சூத்திரம்: நடு லிஃப்டைவிடப் பின்பக்க லிஃப்டில் கூட்டம் குறைவாக இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். ஜெல் தடவினால் போதும் என்று விடாதீர்கள், கப்பலில் பரவுகிற நோரோவைரஸுக்கு ஜெல் சரிவரக் கேட்காது.

கடைசி நாள் காலைதான் இருப்பதிலேயே மோசம். ஆக்லாந்து வந்துவிட்டிருக்கும், கேபினைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்வார்கள், எல்லோரும் கைப்பையோடு பஃபேயில் உட்கார்ந்துவிடுவார்கள், மேசையே கிடைக்காது. இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் கடைசிக் குழுக்களில் ஒன்றைக் கேளுங்கள். டைனிங் ரூம் அன்றைக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்று முதல் நாளே விசாரித்து, திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் நாள் இரவு பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், அவை மறுநாள் கரையில்தான் கைக்கு வரும். தாத்தாவின் மாத்திரை டப்பா அந்தப் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.