எட்டும் ஊர், எட்டாத ஊர்

டோம்பிவிலி நிலையத்தில் ஒரு மின்சார ரயிலைத் தவறவிட்டவர் சில நிமிடங்களில் அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம். ஏறத்தாழ 48 கி.மீ. தொலைவிலுள்ள மும்பை முனையமும் அவருக்கு எட்டும் இடமே. அதே தாணே மாவட்டத்தின் கிழக்கே, ஷஹாபூர், முர்பாட் வட்டங்களின் மலைச்சரிவுகளில் வார்லி, தாக்கூர், காத்கரி முதலிய பழங்குடி மக்கள் ‘பாடா’ எனப்படும் சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் நோயாளியையும் கர்ப்பிணியையும் துணித்தூளியில் கட்டித் தோளில் சுமந்து தார்ச்சாலை வரை கொண்டுவர வேண்டிய நிலை அங்குள்ள சில பாடாக்களில் இருந்துவருகிறது. மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா, பாத்சா அணைகள் ஷஹாபூர் வட்டத்திலேயே உள்ளன. அங்கிருந்து நகருக்குக் குழாய் வந்துவிட்டது. நகரிலிருந்து எல்லாப் பாடாக்களுக்கும் சாலை போய்ச் சேரவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை வருத்தத்தோடு கூறுவது மட்டும் போதாது. அளந்து காட்டினால்தான் எங்கே முதலில் சாலை வேண்டும் என்று முடிவு செய்ய இயலும். ஓர் இடத்திலிருந்து மருத்துவமனை, பள்ளி, சந்தை ஆகியவற்றை எவ்வளவு எளிதாக அடையலாம் என்பதே அதன் ‘அணுகல்தன்மை’ ஆகும்.

சுற்றுவழி

வரைபடத்தில் இரண்டு ஊர்கள் அருகருகே தோன்றலாம். நடுவில் ஆறோ மலையோ இருந்தால் வழி நீளும். சாலைத் தொலைவை நேர்க்கோட்டுத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது சுற்றுவழி விகிதம். நேர்க்கோட்டில் 10 கி.மீ. உள்ள ஊருக்குச் சாலையில் 25 கி.மீ. செல்ல நேர்ந்தால் அவ்விகிதம் 2.5. டோம்பிவிலியின் மோட்டாகாவ் பகுதிக்கும் எதிர்க்கரையிலுள்ள மான்கோலிக்கும் இடையே உல்லாஸ் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்பட்டதன் நோக்கம் இத்தகைய சுற்றைக் குறைப்பதே. பாலம் ஊர்களை இடம் மாற்றுவதில்லை, விகிதத்தை மாற்றுகிறது.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி மற்றோர் எடுத்துக்காட்டு. புகழ்பெற்ற சுற்றுலா நகருக்கு அருகில் இருந்தும், அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுப்பாதையில் நடந்தும் குதிரைகளில் சுமை ஏற்றியுமே வெளியூர் சென்று வந்தனர்.

சாலை வலைப்பின்னல்

சாலைகளின் எண்ணிக்கையை ஊர்களின் எண்ணிக்கையால் வகுப்பது மற்றொரு முறை. கரேல் கான்ஸ்கி என்னும் அறிஞர் 1963இல் வெளியான நூலில் இத்தகைய அளவீடுகளை விளக்கினார். ஐந்து ஊர்களை நான்கு சாலைகள் இணைத்தால் 4 ÷ 5 = 0.8. இங்கு ஒரு சாலை வெள்ளத்தில் அறுந்தாலும் சில ஊர்கள் துண்டிக்கப்படும். ஐந்தாவது சாலை சேர்ந்து, ஊர்கள் அனைத்தும் வட்டமாக இணைந்தால் மதிப்பு 1 ஆகும். அப்போது ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி இருக்கும்.

இரண்டு கிலோமீட்டர் அளவுகோல்

எல்லாப் பருவங்களிலும் பயன்படும் சாலையிலிருந்து 2 கி.மீ.க்குள் வாழும் ஊரக மக்கள் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவது உலக வங்கி 2006இல் முன்வைத்த முறை. ஐக்கிய நாடுகள் அவையின் நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் இவ்வளவுகோல் இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் 25.12.2000 அன்று பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது. சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளை இணைப்பது அதன் நோக்கமாக இருந்தது. மக்கள்தொகை இந்த வரம்பை எட்டாத சிறு பாடா, அளவிலேயே விடுபட்டுப்போக நேரிடும்.

சராசரி மறைப்பது

ஒரு வட்டத்தில் பத்துப் பாடாக்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்பது பாடாக்கள் சாலையிலிருந்து 1 கி.மீ. தொலைவிலும், ஒன்று மட்டும் 11 கி.மீ. தொலைவிலும் உள்ளன. கூட்டினால் 20, சராசரி 2 கி.மீ. அட்டவணையைப் பார்ப்பவர் குறை இல்லை என்றே எண்ணுவார். பதினொரு கிலோமீட்டர் சுமக்கப்படும் நோயாளி அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடுகிறார். எனவே, சராசரியோடு மிகத் தொலைவிலுள்ள வீட்டின் நிலையையும், கோடையோடு மழைக்காலத்தின் நிலையையும் கிலோமீட்டரோடு பயண நேரத்தையும் சேர்த்து அளத்தல் வேண்டும். கடைசி வீட்டிலிருந்து அளக்கத் தொடங்கும் கணக்கே நேர்மையான கணக்கு.

சொற்பொருள்
விழுக்காடு – சதவீதம்
தூளி – துணியால் கட்டிய தொட்டில்
துண்டிக்கப்படுதல் – தொடர்பு அறுதல்

பயிற்சி
1. நேர்க்கோட்டில் 8 கி.மீ., சாலையில் 20 கி.மீ. எனில் சுற்றுவழி விகிதம் என்ன?
2. ஆறு ஊர்களை ஐந்து சாலைகள் இணைக்கின்றன. ஆறாவது சாலையை எங்கு அமைக்கலாம்? படம் வரைந்து காரணம் கூறுக.
3. உங்கள் சொந்த ஊரில் தாத்தா, பாட்டி காலத்தில் மருத்துவமனைக்கு எவ்வாறு சென்றனர்? அவர்களிடம் கேட்டு, அன்றைய பயண நேரத்தையும் இன்றைய பயண நேரத்தையும் ஒப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.